நாம்குங் இன்-தேக்கின் சாம்பல்வரிப் படலம்

வாழ்க நாம்குங் இன்-தேக்! கணினித் திரைப் பொத்தானின் மூலை கூர்மையா வளைவா என்று எழுந்த வழக்கை மாதக்கணக்கில் விசாரித்து, பாதி வளைவு என்று தீர்ப்பளித்த நீதிமான்; சாம்பல் நிறத்தில் நாற்பது வகை கண்டு நாற்பதுக்கும் பெயர் சூட்டிய நிறநூற்புலவன்; திரைவெளி காக்கும் திண்தோளன், அத்தோள் நாற்காலியில் கூனிக் கூனியே வலியெடுத்தவன்; ஹப்ஜோங் ரயில் நிலையத்துப் பின்சந்தில் கறி சுடும் கடைக்கு நேர்மேலே மூன்றாம் மாடியில், சட்டையெங்கும் பன்றிக்கொழுப்புப் புகை கமழ வீற்றிருந்து, எழுதுவோர் துயர் துடைக்கும் அறிவுக்கருவி சமைத்தவன்; தான் மட்டும் பிறந்தநாள் வாழ்த்துக்கு மேல் ஒரு வரியும் எழுதியறியாதவன். அவன் புகழ் பாடப் புகுந்த எமக்குக் கலைமகள் துணை வராவிட்டாலும் பரவாயில்லை, மின்சாரம் போகாமல் இருந்தால் போதும்.

நாம்குங் குலம் எளிய குலமன்று. கொரிய நாட்டில் வாள்வீரர் தொடர்கதை எழுதப் புகுந்த எவரும், நீலவுடை தரித்த நாம்குங் குலத்து வீரர் நாலைந்து பேரை உலவவிடாமல் கதையை நகர்த்தியதில்லை. வானைக் கிழிக்கும் வாள்முறை அவர்களுடையது. அக்குலப்பெயரைச் சுமந்த நம் நாயகன் தன் வாழ்நாளில் ஏந்திய கூரிய ஆயுதம், பார்சல் பிரிக்கும் கத்தரிக்கோல் ஒன்றே.

அவன் சமைத்த கருவிக்குப் பெயர் பக்கத்தூரிகை. எழுதுகிறவர் எழுதிக்கொண்டே வருவார்; கை சற்று நின்றதும், அதுவரை எழுதியதையெல்லாம் படித்துவைத்த கருவி, அடுத்த வரி இதுவாக இருக்கலாமே என்று சாம்பல் நிறத்தில் மெல்லக் காட்டும். பிடித்தால் கீபோர்டின் இடது ஓரத்து ‘டேப்’ விசையை அழுத்த, சாம்பல் கருப்பாகிக் கதையில் சேரும். பிடிக்காவிட்டால் அதற்குச் சற்று மேலே மூலையில் இருக்கும் ‘எஸ்கேப்’ விசையை அழுத்த, வரி மறையும். கொள்வதும் தள்ளுவதும் அருகருகே இருப்பதே அழகு என்று இன்-தேக் கண்டான். கண்டதோடு நில்லாமல், அலுவலகச் சுவரில் கொட்டை எழுத்தில் தன் கொள்கையையும் பொறித்தான்: “எழுதும் கை நின்றால் எழுத்தாளர் தவிக்கிறார் என்று அறிக. தவிப்பவரைத் தனியே விடாதிருப்பாயாக!”

இக்கொள்கை பிறந்த இடம் காங்வோன் மலையின் ராணுவக் காவல்முகாம். கட்டாயச் சேவைக்குப் போன இளைஞன் இன்-தேக், காதும் மூக்கும் உறைந்த அந்த நாட்களில் உயிரைப் பிடித்து வைத்திருந்தது ‘உறைபனி நரி’ என்னும் புனைபெயரில் ஓர் அம்மா தினந்தோறும் எழுத, அவன் போனில் படித்துவந்த தொடர்கதையால். ஒருநாள் கதை வரவில்லை. மறுநாளும் இல்லை. எழுத்தாளருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது, மன்னிக்கவும் என்று ஒரு வரி மட்டும் வந்தது. அந்த இரு வாரமும் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. இந்த அம்மாவின் கைக்கு ஒரு துணை செய்து தருவேன் என்று பனியில் நின்று சபதம் செய்தான். எமக்குச் சிரிப்பு வந்தாலும், அந்தச் சபதம் மட்டும் பொய்யில்லை.

மூன்றாண்டு உழைப்பின் முடிவில், நிறுவனத் தலைவர் ஹியோன் அவனை அழைத்துப் போர்முரசு கொட்டினார்.

“இன்-தேக், உறைபனி நரி அம்மா வியாழக்கிழமை வர்றாங்க. இத ஒரு மாசம் வெச்சு எழுதிப் பாக்கறேன்னு அவங்க சொல்லிட்டா பொழச்சோம். வேணாம்னுட்டா பக்கத்தூரிகைய மூட்டை கட்டிட்டு, திங்கக்கிழமைலேர்ந்து நீ நூடுல்ஸ் கடை ஆர்டர் மெஷினுக்குத் திரை வரையற.”

“தலைவரே, ஆர்டர் மெஷினா?”

“ஏன், வெங்காயத்தாள் வேணுமா வேணாமான்னு கேக்கறதுக்கும் பொத்தான் வேணும்ல? மூலைய வளைச்சுக் குடு.”

வியாழனும் வந்தது. வந்தார் உறைபனி நரி என்னும் தாக் சூன்-ஹ்வா! மாலை ஆறு மணி தவறாமல் ஓர் அத்தியாயம் வெளியிட்டு, ரயிலில் வீடு திரும்பும் பெருங்கூட்டத்தை இறங்கவேண்டிய நிலையம் தவறவிடச் செய்யும் மாயக்காரி. ஐம்பதைக் கடந்த பருவத்தினர். தலைமயிரைப் பென்சிலால் செருகிக் கொண்டை கட்டியவர். வலது மணிக்கட்டில் கறுத்த பட்டை, இடது கையில் ஒரு பை நிறைய ஜேஜுத் தீவு ஆரஞ்சு. அவர் இன்-தேக்கின் அறிமுக அட்டையை வாங்கிப் பார்த்துக் கண்ணை இடுக்கினார்.

“நாம்குங்கா? அய்யய்யோ தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வம்சத்துல நான் நெறைய பேரை வெட்டியிருக்கேன்.”

“தெரியும் எழுத்தாளரம்மா. எல்லா சாவுக்கும் நான் இருந்திருக்கேன்.”

“அழுதீங்களா?”

“ரெண்டாவது சித்தப்பாவுக்கு அழுதேன்.”

“அந்த ஆளுக்கு நானே அழுதேன்,” என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பையை மேசைமேல் கொட்டி, இயந்திரத்தின் முன் அமர்ந்தார். இன்றைய அத்தியாயம் இங்கேயே, இந்தக் கருவியிலேயே எழுதி, ஆறு மணிக்கு இங்கிருந்தே வெளியிடப்படும் என்பது ஏற்பாடு.

இங்கே கருவி சமைப்போர் தொழிலின் கொடிய நோன்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கருவியைச் சோதிக்க வந்தவர் தடுமாறும்போது, அதைச் செய்தவன் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமே தவிர உதவக்கூடாது. கை நீட்டக்கூடாது, கண்ணால் ஜாடை காட்டக்கூடாது. அவர் எதைக் கேட்டாலும் “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்பதற்கு மேல் பேசக்கூடாது. தடுமாற்றம் எங்கே என்று உள்ளபடி தெரிய இது ஒன்றே வழி. முனிவர்க்கும் அரிதான இந்த மௌனத்தை அலுவலகம் முழுவதும் கடைப்பிடிக்கவேண்டும் என்று சட்டம் போட்டவனே இன்-தேக்தான்.

தொடங்கியது போர். எழுத்தாளரின் விரல்கள் நடந்த வேகத்தில் கீபோர்டு மழைக்காலத் தகரக்கூரையாயிற்று. நாயகன் சோ-ரியாங் பனிமலை ஏறினான், பாலத்தைக் கடந்தான், முகமூடி அணிந்த பகைவனை எதிர்கொண்டான். அதுவரை சாம்பல் வரி தலைகாட்டவில்லை. அப்புறம் எழுத்தாளர் கையை எடுத்து ஓர் ஆரஞ்சை உரித்தார்.

உரிக்கையில் கை நின்றது. கை நின்றால் தவிப்பு. தவிப்பவரைத் தனியே விடலாகுமா? கருணைக்கடலான கருவி பொங்கி எழுந்து திரையில் விரித்தது: ‘பகைமையால் பயனில்லை என்று சோ-ரியாங் உணர்ந்தான். இருவரும் கைகோத்து நின்று, கிழக்கே எழும் புதிய விடியலைப் பார்த்தனர்.’

எழுத்தாளர் சுளையை வாயில் போட்டபடி படித்தார்.

“இது யாரு எழுதினது?”

இன்-தேக்கின் நா துடித்தது. நோன்பு தடுத்தது. “நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“பள்ளிக்கூட விழாவுல தலைமை ஆசிரியர் பேசறாப்ல இருக்குன்னு நினைக்கிறேன். இத எப்படிப் போக்கறது?”

“நீங்க… என்ன நினைக்கிறீங்க?”

“தம்பி, உங்க வம்சத்த நான் சும்மா வெட்டல.”

அவர் அழிக்கும் விசையை அழுத்தினார். போனது அவருடைய சொந்த வரி, சாம்பல் அசையவில்லை. மவுஸால் குத்தினார், பாதி கருத்துக் கதைக்குள் புகுந்தது. வெளியே இழுத்தார், மீதியும் சேர்ந்து வந்தது. பின்னால் அமர்ந்திருந்த நம் வீரனோ, நெற்றியில் வியர்வை அரும்ப, இடது கை எஸ்கேப் விசையை நோக்கித் தானாக எழ, வலது கை அதைப் பிடித்து மடியில் அழுத்த, தன்னைத் தானே சிறைபிடித்த காவலனாய், தொண்டை வரை வந்த ‘மேல் மூலை, மேல் மூலை’ என்னும் இரு சொற்களைக் காறித் துப்பவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் தவித்தான். உண்மையில் அந்த அறையில் தவித்தது அவன் ஒருவனே. அவனுக்கு அடுத்த வரி காட்டத்தான் கருவி இல்லை.

கடைசியில் எழுத்தாளர் தற்செயலாக எஸ்கேப்பைக் கண்டார். சாம்பல் மறைந்தது. “ஆங்!” என்று அவர் போட்ட வெற்றிமுழக்கத்தில் கீழ்க்கடையில் கறி புரட்டியவர் நிமிர்ந்து பார்த்திருப்பார். அதன்பின் நடந்தது சமபலப் போர். அவர் எழுதுவார், ஆரஞ்சு உரிப்பார், சாம்பல் எழும், எஸ்கேப்பால் அடிப்பார். ஜன்னல் பக்கம் பார்த்து யோசிப்பார், சாம்பல் எழும், அடிப்பார். மூக்கைச் சொறிந்தார், அதற்கும் எழுந்தது. நட்பே உண்மையான வலிமை என்றது. மன்னிப்பே மாபெரும் வாள் என்றது. ஒருமுறை, எல்லோரும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டனர் என்றது.

“இது மூச்சு விடவும் நேரம் குடுக்காதா? எங்க மாமியார் பரவால்ல.”

ஆறு மணி நெருங்கியது. இப்போது அந்த ஊர் எழுத்தாளர்களின் உயிர்வித்தையைச் சொல்லவேண்டும். தொடர்கதைக்காரர் அத்தியாயத்தை முடிப்பதில்லை, வெட்டுகிறார். கதவு திறக்கும், வந்தது யார் என்று தெரியும் முன் வெட்டு. வாள் ஓங்கும், இறங்கும் முன் வெட்டு. படிப்பவர்கள் வாயார வைவார்கள், மறுநாள் ஆறடிக்கும் முன்பே வந்து காத்துக் கிடப்பார்கள். எங்கே வெட்டுவது என்று அறிந்தவருக்கே அங்கே சோறு. இதை அறியாதவனா இன்-தேக்? ஆயிரம் வெட்டுப்பட்ட வாசகன் அவன். அதனால்தான் கெட்டான். ‘அப்புறம் என்ன ஆயிற்று’ என்று பனியில் நின்று ஏங்கிய ஏக்கமெல்லாம் அவன் கையில் இருந்தது. கருவி சமைக்கும்போது அந்த ஏக்கத்தையே ஊட்டிவிட்டான். எந்தக் காட்சி அந்தரத்தில் நின்றாலும் ஓடிப்போய் முடித்துவைக்கப் பழக்கிவிட்டான். எழுத்தாளருக்குச் செய்கிறேன் என்று எண்ணி, காவல்முகாமில் உறைந்து நின்ற தனக்கே செய்துகொண்டான் அந்தப் பேதை.

எழுத்தாளர் கடைசி வரியைத் தட்டினார்: ‘முகமூடியின் முடிச்சு அவிழ்ந்தது. அந்த முகத்தைக் கண்டதும் சோ-ரியாங்கின் வாள் கையிலிருந்து நழுவியது.’ வெட்டு! என்ன வெட்டு! இன்-தேக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. வலது கை மவுஸைப் பற்றி ‘வெளியிடு’ பொத்தான்மேல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் காத்திருந்தார்.

கை நின்றது. சாம்பல் எழுந்தது: ‘அது காணாமல் போன அவன் அக்கா. இருவரும் கட்டித் தழுவி அழுதனர். இனி எந்தத் துயரமும் இல்லை என்று சோ-ரியாங் அறிந்தான்.’

எழுத்தாளர் கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமலே, அலுத்துப்போன இடது விரலை எஸ்கேப்பை நோக்கி வீசினார். விரலில் ஆரஞ்சுச் சாறு. விரல் சற்றுத் தாழ்ந்து வருவதைக் கண்டான் இன்-தேக். தாழ்ந்தால் டேப். ஒரு பிற்பகல் முழுவதும் காத்த நோன்பு, சட்டம் போட்ட தன் பெருமை, சுவரில் பொறித்த கொள்கை எல்லாம் ஒரு நொடியில் பொடிந்து விழ, நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோத, நாம்குங் குலமே ஒருசேர எழுந்து கர்ஜித்தாற்போல் கத்தினான்.

“அம்மா, டேப்பு!”

தூக்கிவாரிப் போட்டது எழுத்தாளருக்கு. எஸ்கேப்பில் சரியாகத்தான் விழவிருந்த இடது விரல் வழுக்கி டேப்பில் விழுந்தது. வலது விரல் அதிர்ந்து பொத்தானை அழுத்தியது. சாம்பல் கருத்தது. ஆறு அடித்தது. அத்தியாயம் போயே போய்விட்டது.

எழுத்தாளர் போனை எடுத்து வாசகர் கருத்துகளைத் திறந்தார். இன்-தேக்கும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

‘அக்காவா? சரி. சந்தோஷம்.’

‘கதை முடிஞ்சுதா? எழுத்தாளருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?’

‘இத்தன வருஷத்துல முதல் தடவையா நிம்மதியா தூங்கப் போறேன். பயமா இருக்கு.’

கடைசியாக ஒன்று வந்தது: ‘நல்ல முடிவு. நாளைக்கு எதுக்கு வரணும்னு தெரியல.’

அதைப் படித்தபோது எழுத்தாளரின் முகம் மாறியதை இன்-தேக் பார்த்தான். வைதிருந்தால் தாங்கியிருப்பான். அவரோ மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். எந்தக் கைக்குத் துணை செய்வதாக மலைமேல் நின்று சபதம் செய்தானோ, அந்தக் கையின் இத்தனை வருட உழைப்பில் தானே மண்ணள்ளிப் போட்டதாக அவனுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. அடக்கினான், முழுதாக முடியவில்லை.

“மாத்திடலாம் எழுத்தாளரம்மா. இப்பவே அந்த வரிய எடுத்துடலாம்.”

“எங்கருந்து எடுக்கறது? இதுக்குள்ள ஊரெல்லாம் திரையப் படம் புடிச்சு அனுப்பியிருப்பாங்க. அக்கான்னா அக்காதான் இனி.” பெருமூச்சு விட்டார். “இன்னிக்கே இன்னொரு அத்தியாயம் போடணும். கை வராது. நீங்க தட்டறீங்களா?”

“நானா?”

“பின்ன, அந்த விடியல் பார்ட்டியா? அத மூடுங்க. வெறும் தாளத் தொறங்க.”

அவ்வாறே அந்த மாபெரும் அறிவுக்கருவியின் தந்தை, அதை மூடிவைத்து, எந்தக் கணினியிலும் ஓசியில் கிடைக்கும் வெற்றுப்பக்கத்தைத் திறந்து, கூலித் தட்டச்சுக்காரனாய்க் கைகட்டி, இல்லை, கைநீட்டி அமர்ந்தான். எழுத்தாளர் உலவியபடியே சொல்லலானார். அக்காவின் அழுகையைச் சொன்னார், தம்பியின் அழுகையைச் சொன்னார். திடீரென்று நின்றார். ஜன்னலோரம் போய் எதிர்க்கட்டடத்தைப் பார்த்தார். நேரம் போனது. இன்-தேக்கின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. அவனால் பொறுக்க முடியவில்லை.

“ரெண்டு பேரும் சேந்து மலையிறங்கிப் போறாங்கன்னு…”

திரும்பிப் பார்த்தார் எழுத்தாளர். அந்தப் பார்வையில் நாம்குங் குலத்தில் மேலும் ஒருவர் வீழ்ந்தார்.

“தம்பி, உங்களப் பாத்துத்தான் அது கத்துக்கிச்சா? நான் நின்னா தவிக்கிறேன்னு யாரு சொன்னது? குழம்பு கொதிக்குது, பாத்துட்டு நிக்கறேன். அப்ப வந்து மூடியத் தொறந்து தொறந்து பாத்தா அது எப்ப வேகும்?”

“மன்னிச்சுக்குங்க.”

“எழுத்து நிக்கும்போதுதான் தம்பி எழுதறதே. ம், தட்டுங்க.” அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “‘அக்காவின் தோளில் முகம் புதைத்து, இனி எந்தத் துயரமும் இல்லை என்று சோ-ரியாங் மறுபடி சொல்லிக்கொண்டான். அப்போதுதான் தன் முதுகில், தழுவிய அந்தக் கையிலிருந்து, ஏதோ குளிர்ந்த ஒன்று மெல்ல அழுந்துவதை உணர்ந்தான்.’ போதும். வெட்டு.”

இன்-தேக் தட்டிய கையோடு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான். அந்த அசட்டுச் சாம்பல் வரியையே கத்தியாக்கிச் செருகிவிட்டார் அம்மா! வெளியிட்ட சற்றைக்கெல்லாம் போன் அதிர அதிர வசைமாரி பொழிந்தது. ‘பாவி!’ ‘இது மனுஷன் செய்யற வேலையா?’ ‘நாளைக்கு எப்ப ஆறு மணி ஆகும்?’ எழுத்தாளர் ஒவ்வொரு வசையையும் ரசித்துப் படித்து, மிச்சமிருந்த ஆரஞ்சில் பெரியதை இன்-தேக்கிடம் நீட்டினார்.

தலைவர் ஹியோன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “என்ன எழுத்தாளரம்மா, எப்படி இருக்கு நம்ம கருவி?”

இன்-தேக் தரையைப் பார்த்தான். வெங்காயத்தாள் பொத்தான்கள் அவன் கண்முன் வரிசைகட்டி நின்றன.

“ஒரு மாசம் வெச்சுப் பாக்கறேன்,” என்றார் எழுத்தாளர். “ஒரே நிபந்தனை. கூப்பிட்டாத்தான் வரணும். கூப்பிடாம எட்டிப் பாத்துச்சுன்னா திரும்பக் குடுத்துடுவேன். அப்புறம், அது யாரையும் திருத்தவேணாம், சொல்லிவைங்க.”

வென்றான் இன்-தேக்! தலைவர் கட்டித் தழுவ, தோழர் கைகொட்ட, வென்றவன் தன் மேசைக்குத் திரும்பி, மூன்றாண்டு சமைத்த சாம்பல் வரியைத் தன் கையாலேயே கழற்றி எறிந்தான். கண் கலங்கியது. சுவரில் பொறித்த கொள்கையை அழித்தான். எஞ்சியது, கூப்பிட்டால் மட்டும் திறக்கும் ஒரு சின்னப் பெட்டி. எழுத்தாளரின் சம்மதத்தோடு, அவர் அதைக் கூப்பிடும்போதெல்லாம் தன் மேசையில் ஒரு மணி ஒலித்து, கேள்வி தன் திரையில் தெரியும்படி செய்துகொண்டு, காத்திருக்கத் தொடங்கினான்.

நாட்கள் கழிந்தன. தாக் சூன்-ஹ்வா எழுதினார், நின்றார், எழுதினார், கூப்பிடவில்லை. சோ-ரியாங் முதுகுக் காயத்தோடு கடல் கடந்தான், மணி ஒலிக்கவில்லை. இன்-தேக் கழிப்பறைக்குப் போகும்போதும் கதவைத் திறந்துவைத்துச் செவிகொடுத்தான். மாதம் முடியும் தறுவாயில், பனி பொழிந்த ஒரு நண்பகலில், ஒலித்தது அந்த மணி! அலுவலகமே திகைத்து எழுந்தது. தலைவர் ஒற்றைக் காலணியோடு ஓடிவந்தார். கடலும் மலையும் கடந்து, ஆயிரம் அத்தியாயம் கண்ட அந்தப் பெருங்கை, தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றை, கதையின் எந்த இருட்டு மூலையில் நின்றோ, அவன் செய்த கருவியிடம் நம்பிக் கேட்கிறது என்ற எண்ணத்தோடு, நாம்குங் இன்-தேக் இரு கைகளையும் கூப்பியபடி திரையை நோக்கிக் குனிந்து, அங்கே அவர் எழுதியிருந்த கேள்வியைப் படித்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தார்.